நேரத்தை ஒளிக்கும் கருவி: பாவனை மணிக்கூடு பற்றிய ஒரு விமர்சன நோக்கு

கவிதையையும் நாவலையும் அரங்கையும் விமர்சனத்துக்கு உரியனவாகக் கொள்ளும் நாம், மேசைமேற் கிடக்கும் ஒரு கருவியை அவ்வாறு நோக்குவது அரிது. கருவிக்கும் உருவமுண்டு, அவ்வுருவத்தைத் தேர்ந்தவனுக்கு ஒரு நோக்கமுண்டு, அதைக் கையாள்பவர் ஏதோ ஒரு வர்க்கத்தவர். ஆதலால் விமர்சனத்தின் அடிப்படை வினாக்கள் கருவிக்கும் பொருந்தும். இங்கு எடுத்துக்கொள்ளப்படுவது, கையடக்க விளையாட்டுக் கருவியொன்றின் திரையிலே முள்ளும் முகப்புமாக வரையப்பட்ட ஒரு சதுரங்க மணிக்கூடு.

பேராதனையிலிருந்து கண்டி நகருக்குச் செல்லும் வழியில், ஒரு தேநீர்க் கடையின் மேசையில் அதனைக் கண்டேன். மாணவர் இருவர் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தனர். பலகையின் ஓரத்தில், நின்ரென்டோ நிறுவனம் 2004ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய இரட்டைத் திரைக் கருவியொன்று, பழையது, விளிம்பு தேய்ந்தது, விரித்து வைக்கப்பட்டிருந்தது. ஆர்வலர் எவரோ எழுதிய செயல்நிரலொன்று அதனை மணிக்கூடாக்கியிருந்தது. ஒரு திரையில் இரு வட்ட முகப்புகள். ஒவ்வொன்றிலும் மணிமுள், நிமிடமுள், பன்னிரண்டுக்கு அருகே ஒரு சிறு சிவப்புக் கொடி. இடப்பக்கத்தவர் இடப்பக்க விசையை அழுத்த வலப்பக்க முகப்பு ஓடத் தொடங்கும். 'டிக் டிக்' எனும் ஒலிகூடச் செயற்கையாகச் சேர்க்கப்பட்டிருந்தது.

இது பழமை மோகம் என்பதே எனது முதல் எண்ணம். எண்களால் நேரத்தைத் துல்லியமாகக் காட்டவல்ல பொறியை, முள் நகர்வதாக நடிக்கச் செய்வானேன்? ஈழத் தமிழில் 'பாவனை' என்ற ஒரு சொல்லே உபயோகத்தையும் பொய்த்தோற்றத்தையும் குறித்து நிற்கிறது. அன்று அவ்விரு பொருளும் ஒரே மேசையில் இருந்தன.

ஆயின் அம்மாணவர் அதனைக் கையாண்டதற்கு முதற் காரணம் அழகியல் அன்று, பணமே. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டி நின்ற அமெரிக்க டொலர், சில மாதங்களுள் 360 ரூபாயை எட்டியது. இறக்குமதியாகும் சதுரங்க மணிக்கூடு மாணவருக்கு எட்டாத பொருளாயிற்று. உறவினர் வீட்டில் எவரும் தொடாமற் கிடந்த விளையாட்டுக் கருவியோ செலவின்றிக் கிடைத்தது. பண்டத்தின் பயன்மதிப்பை அதன் உற்பத்தியாளர் நினையாத திசையில் மாற்றிக்கொள்ளும் இச்செயலில், வறுமையின் கெட்டித்தனம் ஒன்றுண்டு. மோகம் என்று ஒதுக்கிவிட எனக்கு உரிமையில்லை என்பதை அங்கேயே உணர்ந்தேன்.

இனி உருவத்துக்கு வருவோம். சதுரங்கத்தில் நேரத்தை அளக்கும் வழக்கம் மிகப் பழையதன்று. 1861ஆம் ஆண்டில் அன்டர்சன், கொலிஷ் ஆகியோர் இலண்டனில் ஆடியபோது மணற்கடிகைகள் வைக்கப்பட்டன. 1883ஆம் ஆண்டின் இலண்டன் போட்டியிலேயே, மன்செஸ்ரரைச் சேர்ந்த தோமஸ் பிறைற் வில்சன் வகுத்த இரட்டை மணிக்கூடு வந்தது: ஊஞ்சற் பலகைபோன்ற ஒரு தாங்கியில் இரு மணிக்கூடுகள், ஒன்று தாழ மற்றையது ஓடும். கொடி அதன் பின்னர் வந்து சேர்ந்தது. நிமிடமுள் இறுதி நிமிடங்களில் கொடியை மெல்ல உயர்த்தும். பன்னிரண்டைக் கடந்ததும் கொடி விழும். நேரம் தீர்ந்தவர் தோற்பார்.

இக்கொடியின் இயல்பிலேதான் நமது வினாவின் மையம் உள்ளது. கொடி உயர்ந்துவிட்டதென்பது தெரியும். எத்தனை விநாடி எஞ்சியுள்ளது என்பது தெரியாது. ஆடுபவர் அறியார், எதிராளி அறியார், நடுவரும் அறியார். மணிக்கூடே அறியாது, ஏனெனில் பற்சக்கரங்களுக்கு அறிவு கிடையாது. அறியாமை அனைவருக்கும் பொதுவானது. அப்பொதுமையே இறுதி நிமிடங்களின் நடுக்கத்தை நேர்மையான நடுக்கமாக்கிற்று.

திரையிலுள்ள மணிக்கூட்டின் நிலை வேறு. அதன் உள்ளே நேரம் எண்ணாகவே ஓடுகிறது. விநாடியின் சிறு கூறுகளும் அதற்குத் தெரியும். தெரிந்ததை மறைத்து, தடித்த ஒரு முள்ளைக் காட்டுகிறது. பழைய மணிக்கூடு அறியாதிருந்தது. இது அறியாததுபோல் நடிக்கிறது. இரண்டும் கண்ணுக்கு ஒன்றே. ஆயினும், அறியாமைக்கும் மறைப்புக்கும் உள்ள வேறுபாட்டை முற்போக்கு விமர்சனம் அலட்சியஞ் செய்ய முடியாது.

மலையகத்தில் வாழ்வோருக்கு இவ்வேறுபாடு நூல்வழி அறியவேண்டிய ஒன்றன்று. கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், 1681ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் இங்கு நேரம் அளக்கப்பட்ட விதத்தை விவரிக்கிறார். அடியில் நுண்ணிய துளையுடைய செப்புக் கிண்ணமொன்று மண்பானை நீரில் மிதக்கவிடப்படும். நீர் புகுந்து நிறைந்து அது அமிழும் பொழுதே ஓர் அளவை. பகலுக்கு முப்பது, இரவுக்கு முப்பது; அதாவது நமது நாழிகை. அதை இடையறாது கவனிக்க ஆளமர்த்தி வைத்திருந்தவன் அரசன். குடிகளோ விதைப்பு முதலியவற்றுக்கு நல்ல வேளை பார்க்கும்போது மட்டும் அக்கிண்ணத்தை நாடினர். முல்லைப்பாட்டின் பாசறையிலும் கன்னல் என்னும் நீர்க்கருவி கொண்டு பொழுதறிவோர் அதனை உரைப்பது அரசனுக்கே. நேரத்தை அறிவது அதிகாரத்தின் ஓர் உறுப்பாயிருந்தது என்பதற்கு இவை போதும்.

1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்ட பின்னர் இம்மலைகளில் உருவான நேர ஒழுங்கோ இன்னுங் கொடியது. விடியுமுன் தப்பு முழங்கும். பிரட்டுக்களத்தில் பெயர் பதியப்படும். பிந்தி வந்தோர் திருப்பி அனுப்பப்படலாம், அன்றேல் 'அரைப்பேர்' விழலாம். ஒரு நாள் உழைப்பைப் 'பேர்' என்றே வழங்கியதைக் கவனிக்க வேண்டும்: மனிதனின் பெயரே கூலிக் கணக்கின் அலகாயிற்று. அஸாம் தோட்டங்களில் மணிக்கூட்டையே ஒரு மணித்தியாலம் முன்தள்ளிப் 'பகான் நேரம்' என ஒரு தனி நேரம் நடத்தப்பட்டது. ஆங்கிலத் தொழிற்சாலைகளில் முதலாளிமார் மணிக்கூட்டைக் காலையில் முன்னும் மாலையில் பின்னுமாக நகர்த்தியதையும், தொழிலாளர் தம்மிடம் கைமணிக்கூடு வைத்திருக்க அஞ்சியதையும் ஈ. பி. தொம்சன் 1967ஆம் ஆண்டின் கட்டுரையில் எடுத்துக்காட்டியுள்ளார். அங்கெல்லாம் ஒருவர் அறிந்தார். மற்றவர் அறியாதிருக்க வைக்கப்பட்டார்.

அன்று ஆடிய மாணவருள் ஒருவர் கலஹாப் பகுதித் தோட்டமொன்றைச் சேர்ந்தவர். வீட்டில் மணிக்கூடு இருந்ததா என வினவினேன். "எங்க அம்மாவுக்கு மணிக்கூடு வேண்டியிருக்கல, சேர். நேரம் கணக்கப்பிள்ளைகிட்டத்தான் இருந்துச்சு" என்றார். சொல்லிவிட்டு விசையை அழுத்தினார். பேச்சில் இழந்த நேரம் அவருடையது.

சதுரங்க மணிக்கூட்டின் சிறப்பை அந்த அழுத்தலே காட்டுகிறது. இருவருக்கும் சம அளவு நேரம். தன் நேரத்தை நிறுத்தி எதிராளியின் நேரத்தைத் தொடக்குபவர் ஆடுபவரே. காயை நகர்த்திய அதே கையால் மணிக்கூட்டை அழுத்தவேண்டும் என்பது விதி. நேரத்துக்குக் கங்காணி இல்லாத இடம் அது. அந்த இடத்துள் தான் அறிந்ததை ஒளிக்கும் பொறியொன்று புகுவது சிறு விடயமா என்பதே எனது வினா. பொறி எவர் பக்கமும் சாரவில்லையே, இருவரிடமிருந்தும் ஒரே அளவில் மறைக்கிறதே எனலாம். உண்மையே. ஆனால் அந்நடுநிலை பழைய மணிக்கூட்டில் உலோகத்தின் இயல்பாக இருந்தது; இங்கு செயல்நிரலை எழுதியவரின் நல்லெண்ணமாக இருக்கிறது. நல்லெண்ணத்தைச் சோதித்தறிய அம்மேசையில் வழியில்லை.

உடலின் இழப்பும் உண்டு. உண்மை மணிக்கூட்டில் எவர் நேரம் ஓடுகிறதென்பதைத் தாழ்ந்தும் உயர்ந்தும் நிற்கும் நெம்புகள் மண்டபத்தின் மறுமுனைக்கும் அறிவிக்கும். இக்கருவியில் அழுத்திய விசை உடனே பழைய நிலைக்கு மீள்கிறது. செய்தி முழுவதும் திரையிலேயே. மின்கலம் இறந்தால் இருவர் நேரமும் சுவடின்றி மறையும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டைக் கண்ட நாட்டில் இதனைக் கற்பனைக் குறை எனத் தள்ள முடியாது. மறுபுறம் முகப்பு வடிவத்துக்கு ஒரு நன்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: எதிர்ப்புறத்திலிருந்து தலைகீழாகப் பார்த்தாலும் முள்ளின் சாய்வு ஓரளவு புலப்படும்; எண்களோ ஆறையும் ஒன்பதையும் மாறாட்டஞ் செய்யும்.

பாவனை உடைந்துபோகும் இடம் ஒன்றே ஒன்று. பொபி பிஷர் 1988ஆம் ஆண்டில் காப்புரிமை கோரி, 1992ஆம் ஆண்டில் ஸ்பாஸ்கியுடன் ஆடுகையில் பயன்படுத்திய மணிக்கூடு, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சிறிது நேரத்தை மேலதிகமாக வழங்கியது. இன்று சர்வதேசப் போட்டிகளில் முப்பது விநாடி கூட்டுவது வழமையாகிவிட்டது. உழைத்தவனுக்கு நேரம் திரும்பக் கிடைக்கும் இம்முறையே அண்மைக்காலச் சதுரங்கத்தின் மிகுந்த மனிதாபிமானமுள்ள மாற்றம் என்பேன். பற்சக்கர மணிக்கூட்டுக்கு இது இயலாது. அம்மாணவரிடம் அவ்வசதியை இயக்கிக் காட்டுமாறு வேண்டினேன். விசையை அழுத்தியதும் நிமிடமுள் அரை நிமிடம் பின்னோக்கி நகர்ந்தது. உயர்ந்திருந்த கொடி மெல்லத் தாழ்ந்தது. இருவரும் சிரித்துவிட்டனர். உலகில் எந்த மணிக்கூடும் செய்யாத ஒன்றைச் செய்தபோதே அக்கருவி தன்னை உள்ளபடி காட்டிற்று.

செயல்நிரலை எழுதுவோரிடம் எனது கோரிக்கை சிறியது. ஆட்டம் நடக்கும்போது முள்ளையே காட்டுக; கொடி விழுந்த பின், உள்ளே எண்ணி வைத்திருந்த கணக்கை, நகர்த்தல் நகர்த்தலாக, இருவருக்கும் திறந்து காட்டுக. கலஹா மாணவரிடம் இதனைச் சொன்னேன். "செக்ரோல் புத்தகத்தையும் அப்படித் திறந்து காட்டச் சொல்லலாமே, சேர்" என்றார். காய்களை மறுபடியும் அடுக்கத் தொடங்கினார்.