இயற்கைக்கு ஒரு காரணவர்

நண்பர் ஒருவர் சமீபத்தில் ஒரு தீர்ப்பின் நகலைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி எஸ். ஸ்ரீமதி வழங்கியது. இயற்கை அன்னை உயிருள்ள ஓர் ஆள், அவளுக்கு உரிமைகள் உண்டு, நாதியற்றவர்களுக்கு நாடே தாய்தந்தை என்ற நியாயப்படி மத்திய, மாநில சர்க்கார்கள் அவளைக் காக்கவேண்டும் என்கிறது. பாஷையில் உண்மையான தவிப்பு இருக்கிறது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆறும் மலையும் சட்டத்தில் ஆளாவது நமக்கு அப்படியொன்றும் விபரீதமல்ல. கோயில் மூர்த்தி சொத்துள்ள ஆள், அதுவும் மைனர். சுசீந்திரத்தில் மும்மூர்த்திகளும் ஒன்றாய் நிற்கும் தாணுமாலயனுக்கும் அதே கதிதான்! பத்தூர் நடராஜர் சிலைக்காக அந்தக் கோயிலே லண்டன் கோர்ட்டில் வழக்காடி 1991-ல் ஜயித்தது. எனவே மைனரைப் பற்றி எனக்கு ஆட்சேபணையில்லை. கார்டியனைப் பற்றித்தான் சந்தேகம்.

நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு இந்தச் சந்தேகம் பிறவியிலேயே வந்தது. மருமக்கள் வழியில் குடும்பச் சொத்து முழுவதும் காரணவர் கையில். அவர்தான் காப்பாளர். கணக்குக் கேட்டால் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும். போனால் வயல் வக்கீலுக்குப் போகும். கவிமணியின் ‘நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ இதைத்தான் ஒரு மனைவியின் புலம்பலாகச் சொல்கிறது. அதன் கிண்டலைப் புகழாதவர் இல்லை. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. ஒரு கெட்ட மனிதரைத் திட்டிவிட்டு அந்த நூல் ஓய்ந்துவிடவில்லை. கேள்வி கேட்பாரில்லாத பொறுப்பு மனிதரை என்ன ஆக்குகிறது என்று காட்டுகிறது. 1926-ல் திருவிதாங்கூரில் சட்டம் வந்து மருமக்கள் வழியை மாற்றியபோது, காரணவர்களுக்கு யாரும் நற்புத்தி போதிக்கவில்லை. பாகம் கேட்கும் உரிமையைக் கொடுத்தார்கள்.

தீர்ப்பு தடுக்கி விழும் இடமும் இதுதான். வழக்கு என்ன? மேகமலைப் பக்கம் வனப் புறம்போக்கு நிலத்துக்குப் பட்டா கொடுத்ததாகக் கட்டாய ஓய்வில் அனுப்பப்பட்ட ரெவினியூ அதிகாரியின் மனு. காட்டை விட்டுக்கொடுத்தது சர்க்காரின் கை. காட்டுக்குக் காப்பாளராக நியமிக்கப்பட்டதும் சர்க்கார். அதிகாரியின் தண்டனையோ ஆறு மாத இன்கிரிமென்ட் நிறுத்தமாகக் குறைந்தது. நாவலில் இப்படி எழுதினால் பத்திராதிபர் திருப்பி அனுப்பிவிடுவார்.

2017-ல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றமும் கங்கை, யமுனைக்குக் காப்பாளர்களாக அதிகாரிகளைத்தான் நியமித்தது. வெள்ளம் வந்தால் நஷ்டஈடு யார் கொடுப்பது என்று மாநில சர்க்காரே மேல்கோர்ட்டுக்கு ஓடியது. அதே வருஷம் சுப்ரீம் கோர்ட் தடை போட்டது. நியூஸிலாந்தில் வாங்கனுய் ஆற்றுக்கு அதே 2017-ல் வந்த சட்டம் மட்டும் இரண்டு பேரை நிறுத்திற்று: ஒருவர் அரசின் ஆள், மற்றவர் ஆற்றங்கரைக் குடிகளின் ஆள்.

எங்கள் பழையாறு மலையில் பிறந்து, நாகர்கோவிலின் சாக்கடையையும் வாங்கிக்கொண்டு, மணக்குடியில் கடலில் விழுகிறது. மேலே வயல்காரர், கீழே வலைக்காரர். இருவரும் ஒத்துப்போகவே மாட்டார்கள். அந்த இருவரையும் காப்பாளராகப் போட்டு, கலெக்டரிடம் கணக்குக் கேட்கும் அதிகாரத்தையும் கொடுத்திருந்தால் இந்தத் தீர்ப்பை நான் இரண்டாம் முறையும் படித்திருப்பேன்.