இல்லை என்று சொன்னது யார்?

திருவண்ணாமலையில் மாட வீதியை ஒட்டிய ஒரு சிறு சேமிப்புச் சங்கத்துக்கு நான் நிரல் ஒன்று எழுதிக் கொடுத்திருந்தேன். பெரிய வேலை ஒன்றுமில்லை. உறுப்பினர் எண்ணைத் தட்டினால் பெயரும் இருப்புத் தொகையும் திரையில் வரும், அவ்வளவுதான். ஒரு நாள் வேறு ஏதோ பழுது பார்க்கப் போய் உட்கார்ந்திருந்தபோது பூ விற்கும் ஆயா ஒருத்தி வந்து பாஸ்புக்கை நீட்டினாள். கடைசிப் பக்கங்கள் மழையில் நனைந்து மசி கலைந்திருந்தன. கவுண்டரில் இருந்த பையன் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "உன் கணக்குல ஒண்ணும் இல்ல ஆயா. சைபர்னு காட்டுது."

"இன்னா நைனா சொல்ற? மாசா மாசம் கட்டினேனே."

"நான் இன்னா பண்றது? கம்ப்யூட்டரே சொல்லுது."

ஆயா சண்டை போடவில்லை. பாஸ்புக்கைச் சுருக்குப்பையில் திணித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். எனக்கு உறுத்தியது அவன் சொன்ன அந்தக் கடைசி வாக்கியம். கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லியிருக்குமா?

அன்று மாலை தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தேன். ஆயாவின் இருப்புத் தொகைக்கான கட்டத்தில் சைபர் இல்லை. அங்கே எதுவுமே இல்லை. பழைய பேரேட்டிலிருந்து கணக்குகளை ஏற்றியவர், அந்தப் பக்கம் படிக்க முடியாமல் இருந்ததால் கட்டத்தை வெற்றாக விட்டிருந்தார். அது அவருடைய நேர்மை. தரவுத்தளமும் அந்த நேர்மையைக் காப்பாற்றி வைத்திருந்தது. எஸ்க்யூஎல் மொழியில் இதற்கு 'நல்' என்று பெயர். தமிழ்க் காதுக்கு நல்ல சொல்லாகத்தான் படுகிறது. பொருள் என்னவோ 'மதிப்பு அறியப்படவில்லை' என்பதுதான்.

'அறியப்படவில்லை' என்பது எந்த இடத்தில் 'சைபர்' ஆனது? என் நிரலில். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு சி மொழியில் பேசுவதற்கு லிப்பிக்யூ என்றொரு நூலகம் உண்டு. விடையில் ஒரு கட்டத்தின் மதிப்பைக் கேட்கும் சார்பு, அந்தக் கட்டம் 'நல்' ஆக இருந்தால் வெற்று எழுத்துச்சரம் ஒன்றைத் திருப்பித் தரும். உண்மையிலேயே வெற்றுச்சரம் பதிந்திருந்தாலும் அதையேதான் தரும். இரண்டையும் பிரித்தறிய வேறொரு சார்பைத் தனியாகக் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. கிடைத்த வெற்றுச்சரத்தை எண்ணாக மாற்றும் சார்பிடம் கொடுத்தேன். எண் ஏதும் காணாத அது சைபரைத் தந்தது. தெரியவில்லை என்பது வெறுமையாகி, வெறுமை சைபராகி, சைபர் 'ஒண்ணும் இல்ல ஆயா' என்றாயிற்று.

கொடுமை என்னவென்றால் சங்கத்தின் மொத்தக் கூட்டல் அதுவரை சரியாகவே வந்துகொண்டிருந்தது. கூட்டும்போது எஸ்க்யூஎல் 'நல்' கட்டங்களைத் தாண்டிப் போய்விடும். சைபரைக் கூட்டினாலும் விட்டாலும் தொகை ஒன்றுதான். என் நிரல் காட்டிய சைபருக்கும் சர்வர் தந்த கூட்டலுக்கும் முரண் தெரியாததால், ஆயாவின் பணம் எந்தத் தணிக்கைக்கும் சிக்காமல் காணாமல் போயிருந்தது.

ஆசிரியனின் மரணத்தை ரோலான் பார்த் 1967இல் அறிவித்தார். அதன்பின் கவிதையை, நாவலை, சினிமாவை, விளம்பரத்தைக்கூடப் பிரதியாக வாசிக்கக் கற்றுக்கொண்டோம். வினவலுக்கு வரும் விடைத்தொகுதியை மட்டும் யாரும் பிரதியாகக் கொண்டதில்லை. சர்வரிலிருந்து வருவது உண்மை, திரை அதைக் காட்டும் கண்ணாடி என்றே நம்புகிறோம். நடுவில் ஒரு வாசகன் உட்கார்ந்திருக்கிறான். கிளையண்ட் நிரல்தான் அந்த வாசகன். வரிசைகளையும் கட்டங்களையும் அவன் வாசித்து, தனக்குப் புரிந்ததைத் தன் சொற்களில் எழுதுகிறான். "கம்ப்யூட்டரே சொல்லுது" என்ற வாக்கியம் இந்த வாசிப்பை மறைக்கிறது. செத்துப்போன ஆசிரியனை உடம்பில்லாத அதிகாரமாகக் கவுண்டருக்குப் பின்னால் மறுபடி உட்காரவைக்கிறது.

இந்தச் சிக்கல் புதிதல்ல. எட்கர் காட் உறவுமுறைத் தரவு மாதிரியை 1970இல் வெளியிட்டார். 1975இல் அமெரிக்கத் தர அமைப்பின் ஆய்வுக்குழு ஒன்று தன் இடைக்கால அறிக்கையில் தரவு இல்லாமலிருக்கும் நிலைகளை 14 வகையாகப் பட்டியலிட்டது. காட் 1979இல் எழுதிய கட்டுரையில் உண்மை, பொய் இரண்டோடு 'தெரியவில்லை' என்ற மூன்றாவதையும் சேர்த்த தர்க்கத்தைக் கையாண்டார். 1990இல் வந்த தமது நூலில் குறைந்தது இரண்டு குறிகளாவது வேண்டும் என்றார்: மதிப்பு உண்டு, ஆனால் தெரியாது என்பதற்கு ஒன்று, இந்தக் கேள்வியே இவருக்குப் பொருந்தாது என்பதற்கு ஒன்று. எஸ்க்யூஎல் ஒரே ஒரு 'நல்'லோடு நின்றுகொண்டது. ஆரக்கிளோ வெற்றுச்சரத்தையும் 'நல்' ஆகவே கருதுகிறது. பதினாலு மௌனங்கள் ஒரு மௌனமாயின. மிஞ்சிய அந்த ஒன்றையும் என் நிரல் சைபராக்கிவிட்டது.

இதே ஊரில் வேறு விதமான வாசிப்பும் நடந்திருக்கிறது. அண்ணாமலையார் கோயில் கல்வெட்டுகள் பி. ஆர். சீனிவாசனின் உழைப்பில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவன வெளியீடாக 1990இல் வந்தன. கல்வெட்டு ஆண்டறிக்கைகளைப் புரட்டியவர்களுக்குத் தெரியும்: சிதைந்தது, முற்றுப்பெறாதது, நடுவில் கட்டடத்தால் மறைக்கப்பட்டது என்று இல்லாமைக்குத் தனித்தனிக் குறிப்பு இருக்கும். எழுத்து அழிந்த இடத்தில் புள்ளிகள் நிற்கும். கல்லில் அழிந்துபோன தொகையைச் சைபர் என்று எந்தக் கல்வெட்டறிஞரும் படிக்கமாட்டார்.

கோயிலின் மூலக்கதையே ஒரு வினவல் கதைதானே. அடிமுடி தேடி இருவர் போகிறார்கள். பன்றியாய் நிலத்தைக் குடைந்த திருமால் திரும்பி வந்து, காணவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். அன்னமாய்ப் பறந்த பிரமன், காணாத முடியைக் கண்டதாகச் சொல்லித் தாழம்பூவைப் பொய்ச்சாட்சிக்கு அழைத்து வருகிறான். பக்தர்கள் இதில் இறைவனின் பெருமையைக் கேட்பார்கள். நான் இதை முடிவு காட்டும் நிரல்களின் கதையாகவும் கேட்கிறேன். திருமாலின் 'காணவில்லை' தேடியவனின் எல்லையைச் சொல்லும் வாக்கியம். 'அடியே இல்லை' என்று அவர் சொல்லவில்லை. பிரமன் வெறுங்கையோடு வந்தவன், ஒரு மதிப்பைத் தயாரித்துக் கொடுத்துவிட்டான். என் நிரல் பிரமன் வேலை பார்த்தது. கவுண்டர் பையன் தாழம்பூ ஆனான், பாவம்.

'இல்லை' என்று சொல்ல எப்போது உரிமை உண்டு? இதை நம் மரபு விரிவாகவே பேசியிருக்கிறது. மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையில் பத்து அளவைகளுள் ஒன்றாக அபாவம் வருகிறது. பாட்ட மீமாம்சகர் இதற்கு ஒரு நிபந்தனை வைத்தனர். மேசைமேல் பானை இல்லை என்று நான் அறியலாம், ஆனால் பானை இருந்திருந்தால் என் கண்ணில் பட்டிருக்க வேண்டும். இருட்டில் காணாதது இல்லாமைக்குச் சான்று ஆகாது. கிளையண்ட் நிரல் எழுதுகிறவனுக்கு இதைவிடக் கறாரான விதி வேண்டியதில்லை: வெளிச்சம் இருந்ததா என்று முதலில் பார்.

என் நிரல் வெளிச்சத்தையும் பார்த்ததில்லை. எத்தனை வரிசை வந்தது என்று மட்டும் எண்ணியது. வினவல் சரியாக ஓடி ஒரு வரிசையும் பொருந்தாவிட்டால், லிப்பிக்யூவில் நிலை 'வெற்றி', எண்ணிக்கை சைபர். நடுவில் இணைப்பு அறுந்து வினவல் தோற்றால் நிலை 'பிழை', எண்ணிக்கை அப்போதும் சைபர். நிலையைக் கேட்காமல் எண்ணிக்கையை மட்டும் கேட்டால் இரண்டும் ஒன்றுதான். ஆக, சர்வருக்குக் கரண்ட் போன நேரத்தில் வந்து நின்றவர்களிடமெல்லாம் 'நீங்கள் உறுப்பினரே இல்லை' என்று என் திரை சொல்லியிருக்கும். முனியம்மா, முனியம்மாள் என்று ஓரெழுத்து மாறிப் பெயரைத் தட்டினாலும் அதே பதில்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. வெற்றுக் கட்டங்களையே தரவுத்தளத்தில் அனுமதிக்காதே என்கிறார்கள். கிறிஸ் டேட் நெடுங்காலமாக 'நல்'லை எதிர்த்து வாதாடியவர். அவர் முன்வைப்பது அட்டவணைகளையே வேறு விதமாகப் பிரித்து அமைப்பதை. ஆனால் நம் அலுவலகங்களில் அந்த அறிவுரை நடைமுறையில் என்னவாகிறது? 'இந்தக் கட்டம் கட்டாயம்' என்று நிரல் மிரட்ட, படிக்க முடியாத பேரேட்டின் முன் உட்கார்ந்திருப்பவர் ஒரு சைபரைத் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போகிறார். பொய் திரையிலிருந்து பதிவுக்கே இறங்கிவிடுகிறது, அவ்வளவுதான். பிறகு எந்த வாசிப்பாலும் அதை மீட்க முடியாது. என் பிழையையாவது ஒரே மாலையில் கண்டுபிடிக்க முடிந்தது. வெற்றிடம் வெற்றிடமாகவே இருந்ததால்.

திரை எளிமையாக இருக்க வேண்டும், சனங்களைக் குழப்பாதே என்பது இன்னொரு மறுப்பு. யாருக்கு எளிமை? 'சைபர்' என்ற சொல் கவுண்டருக்கு அந்தப்புறம் வேலையை முடித்துவைக்கிறது. இந்தப்புறம் நிற்பவளுக்கு அங்கேதான் வேலை தொடங்குகிறது. 'தெரியவில்லை' என்று சொன்னால் தேட வேண்டிய பொறுப்பு சங்கத்துக்கு வந்துவிடும். 'இல்லை' என்றால் நிரூபிக்க வேண்டிய பொறுப்பு ஆயாவின் தலையில். மூன்றெழுத்து வித்தியாசமல்ல இது. சுமை யார் தலையில் என்ற கேள்வி.

நிரலைத் திருத்த அரை நாள் ஆனது. இப்போது நாலு விதமாகப் பதில் வரும்: இருப்பு இவ்வளவு; இருப்பு தெரியவில்லை, பேரேட்டைப் பார்க்கவும்; இந்த எண்ணில் யாரும் பதிவாகவில்லை; கேட்க முடியவில்லை, பிறகு முயலவும். பேரேட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததில் ஆயாவின் கணக்கில் நாலாயிரத்துச் சொச்சம் இருந்தது. சொல்லியனுப்பினோம். வந்தாள். பணத்தை எண்ணி முடித்துவிட்டுப் பையனைப் பார்த்துக் கேட்டாள்: "அன்னிக்கு இல்லைன்னு சொன்னது யாரு நைனா?"

அவன் திரையைக் காட்டவில்லை. என்னைக் காட்டினான்.