மிட்டாய் டப்பாவும் ஒற்றைச் செருப்பும்

1988 ஏப்ரல் 16. ஜப்பானியத் திரையரங்குகளில் இரண்டு அனிமே படங்கள் ஒன்றாக வெளியாயின. இரண்டும் ஜிப்லி ஸ்டூடியோவில் உருவானவை. ஒன்று ஹயாவோ மியாசாகியின் ‘என் அண்டைவீட்டு டொட்டோரோ’. மற்றது இசாவோ தகஹாதாவின் ‘மின்மினிகளின் கல்லறை’. முதல் படத்தில் காணாமல்போன சிறுமியை ஊரே தேடுகிறது. குளத்தில் ஒற்றைச் செருப்பு ஒன்று கிடைக்கிறது. அக்கா மூச்சிரைக்க ஓடிவந்து பார்க்கிறாள், அது தங்கையுடையதல்ல. இரண்டாவது படத்தில் தங்கை பிழைப்பதில்லை. அவளுடைய எலும்புத் துண்டுகள் ஒரு பழமிட்டாய் டப்பாவுக்குள் கிடக்கின்றன. குழந்தையை இழந்துவிடுவோமோ என்ற அதே அச்சம்தான் இரண்டிலும். இரு இயக்குநர்களும் அதைப் பேச்சில் கொட்டவில்லை. கைக்கு அடக்கமான ஒரு பொருளில் ஏற்றிவைத்தார்கள்.

கதை எதைச் சொல்ல வருகிறது என்பதும், பார்ப்பவர் எதை உணர்கிறார் என்பதும் அனிமேயில் எப்படிச் சேர்ந்து நடக்கின்றன என்று ஆராய இந்த இரட்டை வெளியீட்டைவிட நல்ல தொடக்கம் இல்லை.

தகஹாதாவின் படம் கதாநாயகனின் சாவில் தொடங்குகிறது. 1945 செப்டம்பர் 21 இரவு தான் இறந்ததாக அண்ணன் செய்தாவே சொல்லிவிடுகிறான். இனி ‘பிழைப்பார்களா’ என்ற பதைப்புக்கு இடமில்லை. ‘எப்படி இந்த நிலைக்கு வந்தார்கள்’ என்பதுதான் மிச்சம். கண்ணீருக்கு நடுவிலும் நம்மைச் சிந்திக்க வைப்பது இந்த ஒரு முடிவுதான். தங்கை செத்சுகோவின் மரணத்தையும் அவர் கதறலாக்கவில்லை. அவள் பிறகு கண்விழிக்கவே இல்லை என்று ஒரு வரி; அவ்வளவுதான். பிறகு, இருவரும் தங்கியிருந்த போர்க்காலப் பதுங்குகுழிக்கு முன்னாலுள்ள குளத்தின் எதிர்க்கரையில் வசதியான வீட்டுப் பெண்கள் ஊர் திரும்பி இசைத்தட்டைச் சுழலவிடுகிறார்கள். அந்தப் பழைய பாட்டின் மேல், அண்ணன் வெளியே போயிருந்த நேரங்களில் அவள் பதுங்குகுழி வாசலில் தனியாக விளையாடிய காட்சிகள் வருகின்றன. நாம் அதுவரை பார்த்திராத காட்சிகள் அவை. இறந்தபின்தான் அவளுடைய பகல்பொழுதுகள் நமக்குத் தெரியவருகின்றன. அனிமே உலகில் துயரம் இதைவிடக் கச்சிதமாகக் கையாளப்பட்ட இடத்தை நான் பார்த்ததில்லை.

இது போர் எதிர்ப்புப் படமல்ல என்று தகஹாதா சொல்லிவந்தார். உறவுகளோடு ஒட்டாமல் தனியே வாழ்ந்துவிடலாம் என்று நம்பிய சிறுவனின் பிழையும் அவருக்கு முக்கியம். மூலக்கதையை 1967இல் எழுதிய நொசாகா அகியுகி, பசியில் தங்கையைப் பறிகொடுத்தவர். செய்தா அளவுக்குத் தான் நல்ல அண்ணனாக இருக்கவில்லை என்ற குற்றவுணர்வைச் சுமந்தவர். அந்தக் குற்றவுணர்வுதான் படத்தை வெறும் அனுதாபத்திலிருந்து காப்பாற்றுகிறது.

துயரத்தைக் கதறலாக்காத இந்த அடக்கம் எங்கிருந்து வந்தது? பாதி காரணம் வறுமை. 1963இல் ஒசாமு தெசுகா ‘அஸ்ட்ரோ பாய்’ தொடரை வாராவாரம் தொலைக்காட்சிக்குத் தர ஒப்புக்கொண்டபோது பணமும் குறைவு, ஆளும் குறைவு. அசையாத படங்களையும், வாய் மட்டும் அசையும் முகங்களையும் வைத்து ஒப்பேற்ற வேண்டியிருந்தது. அவரிடம் பணியாற்றிய ஒசாமு தெசாகி, 1970இல் ‘நாளைய ஜோ’ தொடரை இயக்கியபோது, உச்சத் தருணத்தில் படத்தை நிறுத்தி அதை ஓர் ஓவியமாகவே தீட்டிக் காட்டினார். சிக்கனம் பாணியாயிற்று. 1995இல் தொடங்கிய ‘எவாஞ்சலியன்’ 24ஆம் பகுதியில், நண்பனைத் தன் ராட்சத இயந்திரத்தின் கையில் பிடித்தபடி நாயகன் ஷின்ஜி ஏறத்தாழ ஒரு நிமிடம் அசைவதே இல்லை. பின்னணியில் பீத்தோவன். நமக்குத்தான் மூச்சு முட்டுகிறது. அதே தொடரின் கடைசி இரு பகுதிகளில் கதையை ஓரங்கட்டி மனவிசாரணை மட்டும் மிஞ்சியது. கருத்து உணர்ச்சியை விழுங்கிவிட்டது என்றே எனக்குப் படுகிறது. இயக்குநர் ஹிதேஅகி அன்னோ 1997இல் திரைப்படமாக வேறொரு முடிவு தந்தார்.

மற்ற பாதி காரணம் ‘மா’ என்று ஜப்பானியர் சொல்லும் இடைவெளி. அதைப் பற்றி அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டிடம் பேசும்போது மியாசாகி கையைத் தட்டிக் காட்டி, தட்டலுக்கும் தட்டலுக்கும் நடுவே உள்ளதுதான் மா என்றார். 2001இல் வந்த ‘ஸ்பிரிட்டட் அவே’யில் தண்ணீர்மேல் ஓடும் ரயிலில் சிறுமி சிஹிரோ பேசாமல் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். அதே படத்தில், நண்பன் ஹக்கு கொடுத்த சோற்று உருண்டையைக் கடித்ததும் அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வருகிறது. அதுவரை பயத்தை அடக்கிவைத்திருந்த பிள்ளை, வாயில் சோறு பட்டதும் உடைந்துபோகிறாள்.

2016 இந்தத் துறைக்கு வளமான ஆண்டு. நவோகோ யமதாவின் ‘எ சைலன்ட் வாய்ஸ்’, காது கேளாத சிறுமியைத் துன்புறுத்திய பையனின் வெட்கத்தை, அவன் கண்ணுக்குப் பிறர் முகங்களில் தெரியும் பெருக்கல் குறிகளாகக் காட்டியது. அதே ஆண்டின் ‘இந்த உலகத்தின் இந்த மூலையில்’ அதைவிடப் பெரிய சாதனை. சுனாவோ கதபுச்சி இயக்கிய இதன் தயாரிப்புக்குப் பொதுமக்களும் பணம் தந்து உதவினார்கள். குரே துறைமுக நகருக்கு மருமகளாக வரும் சுசு, ரேஷன் அரிசி போதாமல் காட்டுக்கீரை பறித்துச் சமைக்கிறாள். ஓய்ந்த நேரத்தில் படம் வரைகிறாள். போர் அடுப்படிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நுழைகிறது. தாமதித்து வெடித்த குண்டு ஒன்று, அவள் வரையும் வலது கையையும், அந்தக் கையைப் பிடித்து நடந்த குழந்தையையும் பறிக்கிறது. அந்த நொடியைக் கதபுச்சி ரத்தமாகக் காட்டவில்லை. திரை இருள, கிறுக்கலாகச் சில கோடுகள் மட்டும் ஓடுகின்றன. சுசு அழுவதும் அப்போதல்ல. சரணடைந்த செய்தியை வானொலியில் கேட்டபின், வயலில் விழுந்து அழுகிறாள். ஒரு மணிநேரத்துக்கு மேல் அவளோடு சமைத்து, துவைத்து, சிரித்து வாழ்ந்துவிட்டதால்தான் அந்த அழுகை நம்முடையதாகிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2020இல் ஜப்பானின் வசூல் சாதனைகளை முறியடித்த ‘டீமன் ஸ்லேயர்: முகென் டிரெய்ன்’ கண்ணுக்கு விருந்து. ஆனால் நாயகன் தஞ்ஜிரோ தான் உணர்வதை எல்லாம் மனக்குரலில் விளக்கிக்கொண்டே இருக்கிறான். வீரன் ரெங்கோகுவின் சாவு நம்மை அழவைக்கிறது, உண்மை. அதற்குப் பிறகும் படம் பேசிப் பேசி, அந்த அழுகையில் நாமாகக் கண்டடைய எதையும் விட்டுவைப்பதில்லை.

இந்தப் படங்கள் இப்போது கைப்பேசியில் கிடைக்கின்றன; வேகத்தைக் கூட்டிப் பார்க்கும் வசதியும் அதில் இருக்கிறது. செத்சுகோ குளக்கரையில் தனியே விளையாடும் அந்தச் சில நிமிடங்களையாவது அப்படி ஓட்டிவிடாதீர்கள்.