மண்ணும் தனிமனிதனும்: ஜோன் பிளாண்டின் காணொளிகள் பற்றிய ஒரு நோக்கு

முடிந்த கட்டடம் போற்றப்படும் அளவுக்கு அதற்காக மண் குழைத்த கால்கள் நினைக்கப்படுவதில்லை. கலையிலும் இதுவே பெருவழக்கு. படைப்பு முன்னே நிற்க, உழைப்பு பின்னே மறைகின்றது. இவ்வழக்கிற்கு மாறாக, மண் குழைப்பதையே காட்சிப் பொருளாகக் கொண்டவை அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்து மாநிலத்து வடபகுதியைச் சேர்ந்த ஜோன் பிளாண்ட் என்பாரின் காணொளிகள். ‘ஆதித் தொழில்நுட்பம்’ எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயருடன் 2015 ஆம் ஆண்டில் யூடியூப் தளத்தில் இவை வெளிவரத் தொடங்கின. 2019 இல் நூல் வடிவமும் பெற்றன. இன்று ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இவற்றைத் தொடர்கின்றனர். இத்துணைப் பேரை ஈர்த்தது யாது? அவ்வீர்ப்பில் மறைந்துபோவது யாது? இவ்விரு வினாக்களும் ஒருங்கே நோக்கத்தக்கன.

காற்சட்டை மட்டும் அணிந்த ஒருவர் காட்டில் தனித்து உழைக்கின்றார். கல்லைத் தேய்த்துக் கோடரி செய்கின்றார். கம்பு நட்டு, வரிச்சுப் பின்னி, மண் அப்புகின்றார். களிமண்ணை ஓடாக வடித்துச் சூளையில் சுட்டுக் கூரை வேய்கின்றார். தொடக்கம் முதல் இறுதிவரை அவர் வாய் திறப்பதில்லை. பின்னணி இசையும் இல்லை. ஓடை நீரின் சலசலப்பும் பறவைகளின் குரலும் ஈரமண் சுவரில் அறைபடும் ஓசையுமே கேட்கின்றன.

இம்மௌனம் வெறும் உத்தியன்று. உள்ளடக்கத்தோடு பிணைந்த உருவமாகும். விளக்கவுரையாளரின் குரல் எதை வியக்க வேண்டும் என்பதைப் பார்வையாளருக்கு முன்கூட்டியே கட்டளையிடுகின்றது. அக்குரல் அகன்றவிடத்துப் பார்வையாளரின் கண் தொழிலாளியின் கையைப் பின்தொடர்கின்றது. வனைந்த களிமண் உலரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும், சூளையின் அடியில் காற்று வழி ஏன் விடப்படுகின்றது என்றெல்லாம் அவரே சிந்திக்க நேர்கின்றது. ஓடையில் இரும்புப் பற்றீரியாக்கள் உண்டாக்கும் செம்மஞ்சள் நிறப் படிவை அள்ளி, கரியோடு சேர்த்து மண் உலையில் உருக்கும் முயற்சி இங்குக் குறிப்பிடத்தக்கது. அத்தனை உழைப்பிற்கும் பின்னர்க் கிடைத்தவை சிறுசிறு இரும்பு மணிகளே. அச்சிறுமையை மறைக்காது காட்டியமை படைப்பாளியின் நேர்மைக்குச் சான்றாகும்.

படைப்பாளி பேசாதவிடத்துப் பார்வையாளர் பேசுகின்றனர். அவரது விளக்கங்கள் துணையெழுத்தாக ஒளிந்திருக்கின்றன என்பதைப் பார்த்தோரே புதியவருக்கு எடுத்துரைக்கின்றனர். வியப்போடு ஐயமும் எழுகின்றது; நுகர்வோராக வந்தோர் சாட்சிகளாகவும் ஆகின்றனர். இச்சாட்சியத்தின் வலிமை போலிகள் தோன்றியபோது வெளிப்பட்டது. தென்கிழக்காசிய நாடுகளிலிருந்து இவரைப் பின்பற்றிப் பல காணொளிகள் வந்தன. ஓரிருவர் வெறுங்கையால் நிலத்தைக் குடைந்து மாளிகையும் நீச்சல் தடாகமும் அமைப்பதாக அவை காட்டின. அவற்றுட் பலவற்றின் பின்னால் மண் அகழும் இயந்திரங்களும் கூலியாட்களும் இருந்தமை பின்னர் அம்பலமாயிற்று. இரு வகையிலும் மண் ஒன்றே; உழைப்பைக் காட்டுவதற்கும் உழைப்பாளியை மறைப்பதற்குமான வேறுபாடே இவற்றைப் பிரிக்கின்றது.

எனினும் பிளாண்டின் காணொளிகளிலும் மறைவது ஒன்று உண்டு. அதனைக் காண அவற்றை வேறோர் உழைப்பு மரபின் அருகில் வைத்து நோக்குதல் பயன்தரும். கல்முனையை அடுத்துக் கடலோரத்தில் அமைந்த மருதமுனை கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். தறியில் அமர்ந்து நாடாவை ஓட்டுபவர் ஒருவரே. அக்காட்சியை மட்டும் படம்பிடித்தால் நெசவும் தனிமனிதக் கலையாகவே தோன்றும். ஆயின் சாயமிடுவோர், நூல் சுற்றுவோர், பாவு ஆயத்தம் செய்வோர் எனப் பலர் அத்துணிக்குப் பின்னால் நிற்கின்றனர். கிழக்குக் கரையோரத்தில் முன்னர்ப் பரவலாகக் காணப்பட்ட மண்வீடும் அத்தகையதே. நீர் சுமக்க ஒருவர், மண் மிதிக்க ஒருவர், உருட்டிக் கொடுக்க ஒருவர், சுவர் வைக்க ஒருவர், கிடுகு பின்னப் பெண்கள் என அது கூட்டு உழைப்பின் விளைவாகவே எழுந்தது.

மேலும், அங்கு மண்வீடு விரும்பித் தேர்ந்ததன்று. கல்வீடு கட்ட இயலாதவர் வாழ்ந்த வீடு அது. பிளாண்டின் மண் சுவர் மழையில் கரைந்தால் அதுவும் ஒரு பாடமாகும். அவர் உறங்கத் திரும்பிச் செல்வதற்கு வேறு வீடு உண்டு. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலையில் வீடிழந்த மருதமுனை மக்களுக்குச் சுவர் என்பதன் பொருள் முற்றிலும் வேறு. காட்டில் தனித்து நிற்கும் மனிதனின் தன்னிறைவு அழகிய கற்பனையே. மனித வரலாறு அவ்வாறு நிகழவில்லை. ஆதிமனிதனும் கூட்டமாகவே வாழ்ந்தான், கூட்டமாகவே தொழில் கற்றான்.

இது பிளாண்டின் மீது சுமத்தும் குற்றமன்று. தாம் காட்டில் வாழ்வதாக அவர் கூறியதில்லை. இதனைத் தம் பொழுதுபோக்கு என்றே குறிப்பிட்டுள்ளார். குற்றம் அத்தனிமையை வாழ்க்கை நெறியாகக் கொண்டு ஏங்கும் பார்வையிலேயே உள்ளது. கைபேசியோடு தம் ஊரின் தொழில்களைப் படம்பிடிக்க முனையும் இளைஞர் இவரிடம் கற்க வேண்டியவை பொறுமையும் ஒளிவுமறைவின்மையுமாகும், தனிமையன்று. தறியில் அமர்ந்தவரோடு நூல் சுற்றும் முதியவளின் விரல்களையும் அக்கருவி காட்டுமாயின், பிளாண்ட் தொடங்கிவைத்த நேர்மை அங்குதான் முழுமை பெறும்.