வேகத்தைக் கழித்துவிட்டு நடக்கும் விமானப் பந்தயம்

வெவ்வேறு வேகமுடைய விமானங்களை ஒரே பந்தயத்தில் இறக்கி, மெதுவானதை முதலிலும் வேகமானதைக் கடைசியிலும் புறப்படவிட்டு, கணக்குப்படி எல்லாமே ஒரே நொடியில் எல்லைக்கோட்டைத் தொடும்படி இடைவெளி வகுப்பது ஹேண்டிகேப் விமானப் பந்தயம் எனப்படும். கிண்டிக் குதிரைப் பந்தயத்தில் வலுவான குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றுவதும் இதே பெயரால் வழங்குகிறது. வானில் எடைக்குப் பதிலாக நேரம் ஏற்றப்படுகிறது. ஆரணி, வேலூர் வட்டார மாடு விடும் விழாவில் காளைகள் ஒவ்வொன்றாக ஓடி, குறைந்த நொடிகளில் தூரத்தைக் கடந்த காளை பரிசைப் பெறுவதால், அங்கே வேகமே முடிவைச் சொல்லிவிடுகிறது. ஹேண்டிகேப் பந்தயத்திலோ விமானத்தின் வேகம் முன்கூட்டியே கழிக்கப்பட்டுவிடுவதால், விமானியின் திறமை மட்டுமே மிஞ்சும் என்பது கொள்கை. அக்கொள்கை எந்த அளவுக்கு உண்மை என்பது ஆராயத்தக்கது.

இம்முறையின் தாய்வீடு பிரிட்டன். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வழங்கிய கிங்ஸ் கோப்பைக்கான முதல் பந்தயம் 1922 செப்டம்பரில் லண்டனை அடுத்த குராய்டனிலிருந்து கிளாஸ்கோ சென்று திரும்பும் இரு நாள் போட்டியாக நடந்தது. இன்ஸ்டோன் நிறுவனத்தின் விமானி ஃபிராங்க் பர்னார்ட் வென்றார். 1930-இல் 88 விமானங்கள் புறப்பட்ட பந்தயத்தில், ஏவ்ரோ ஏவியன் என்ற சிறிய விமானத்தை மணிக்கு ஏறத்தாழ 165 கி.மீ. சராசரி வேகத்தில் ஓட்டிய வினிஃபிரட் பிரவுன் முதலிடம் பெற்று, அக்கோப்பையை வென்ற முதல் பெண்ணானார். எட்டே ஆண்டுகளில், 1938-இல், பெர்சிவல் மியூ கல் விமானத்தில் அலெக்ஸ் ஹென்ஷா மணிக்கு 380 கி.மீ. வேகத்தில் அதே கோப்பையைக் கைப்பற்றினார். 1950-இல் இளவரசி மார்கரெட்டின் பெயரில் பீட்டர் டவுன்செண்ட் ஓட்டிய ஹரிக்கேன் போர்விமானம், மைல்ஸ் ஹாக் பயிற்சி விமானத்தில் பறந்த எட்வர்ட் டேயிடம் தோற்று இரண்டாமிடமே பெற்றது. போர்விமானத்தைப் பயிற்சி விமானம் வெல்வது வேறெந்தப் பந்தயத்திலும் கேலிக்கூத்தாகத் தோன்றும்; இங்கே அது விதி சரியாக வேலை செய்ததன் அடையாளம்.

கணக்கு எங்கே நுட்பமாகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். இன்றைய பந்தயங்கள் பெரும்பாலும் நான்கைந்து சுற்றுகளாக மொத்தம் 160 கி.மீ. அளவில் அமைகின்றன, ஐந்து சுற்று எனில் ஒரு சுற்று, ஆரணிக்கும் வேலூருக்கும் இடையிலான நேர்கோட்டுத் தொலைவை ஒத்தது. மணிக்கு 160 கி.மீ. பறக்கும் விமானத்துக்கு 60 நிமிடமும் 240 கி.மீ. பறப்பதற்கு 40 நிமிடமும் ஆவதால், இரண்டாவது 20 நிமிடம் காத்திருந்து கிளம்ப வேண்டும். பாதித் தூரம் எதிர்க்காற்றாகவும் பாதித் தூரம் பின்காற்றாகவும் 40 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், மெதுவான விமானம் 4 நிமிடத்தை இழக்கிறது, வேகமானதோ ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் இழக்கிறது. எனவே அன்றைய காற்றைக் கணக்கில் சேர்க்காத ஹேண்டிகேப் அதிகாரி, பந்தயம் தொடங்குமுன்பே முடிவை எழுதிவிட்டவராகிறார். இனி விமானியின் பங்கு: திருப்புமுனை ஒவ்வொன்றிலும் அகலமாக வளைந்து 200 மீட்டர் கூடுதலாகப் பறந்தால், வேகமான விமானத்துக்கு 3 நொடி வீணாகிறது, சுற்றுக்கு நான்கு வீதம் இருபது திருப்பங்களில் அது ஒரு நிமிடமாகிறது. எல்லாரும் நெருங்கி வந்து முடிக்கும்படி வகுக்கப்பட்ட போட்டியில் ஒரு நிமிடம் என்பது கோப்பைக்கும் கூட்டத்துக்கும் உள்ள தூரம்.

இந்திய வானமும் இவ்வரலாற்றுக்கு அயலானதன்று. ஆகா கான் பரிசுக்காக 1930-இல் இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறந்த ஆஸ்பி எஞ்சினியர், மன்மோகன் சிங், ஜே.ஆர்.டி. டாட்டா ஆகிய மூவரும் ஒரே வகையான ஜிப்சி மாத் விமானத்தையே ஓட்டியதால், அங்கே ஹேண்டிகேப்புக்குத் தேவையே எழவில்லை. பிற்காலத்தில் இந்திய விமானப்படைத் தலைவரான ஆஸ்பி வென்றார். ஆனால் 1934 அக்டோபரில் இங்கிலாந்தின் மில்டன்ஹாலிலிருந்து மெல்போர்ன் வரை நடந்த மெக்ராபர்ட்சன் பந்தயத்தில், நேரடி வேகத்துக்கு ஒன்றும் ஹேண்டிகேப்புக்கு ஒன்றுமாக இரு பிரிவுகள் இருந்தன. அலகாபாத் கட்டாய நிறுத்தங்களுள் ஒன்று. ஸ்காட்டும் கேம்பெல் பிளாக்கும் காமெட் விமானத்தில் ஏறத்தாழ 71 மணி நேரத்தில் சென்று வேகப் பரிசை வென்றனர். பயணிகளையும் தபாலையும் ஏற்றிக்கொண்டு, வழியில் ஆல்பரி குதிரைப் பந்தயத் திடலில் அவசரமாக இறங்கியும்கூட, கே.எல்.எம். நிறுவனத்தின் டக்ளஸ் டிசி-2 சுமார் 90 மணி நேரத்தில் வந்து ஹேண்டிகேப் பரிசைப் பெற்றது. ஜிம், ஏமி மாலிசன் தம்பதியரோ கராச்சி வரை முன்னணியில் இருந்து, ஜபல்பூரில் நிரப்பிய பொருந்தாத பெட்ரோலால் எஞ்சின் கெட்டு அலகாபாத்தில் விலகினர். அத்தகைய இழப்பை ஈடுசெய்யும் ஹேண்டிகேப் எதுவுமில்லை.

முறையின் உண்மையான பலவீனம் வேறிடத்தில் உள்ளது. சோதனைப் பறப்பில் வேகத்தை மறைத்துக் காட்டி, பந்தய நாளில் முழு விசையையும் திறக்கும் விமானி, ஓட்டும் திறமையால் அன்றி நடிப்பால் வெல்ல முடியும். ஒற்றைக் கோப்பையில் இது பலிக்கக்கூடும். பருவம் முழுவதும் பல பந்தயங்களில் பெற்ற புள்ளிகளைக் கூட்டி வெற்றியாளரைத் தீர்மானிக்கும் பிரிட்டிஷ் விமானப் பந்தய சாம்பியன்ஷிப்பில் அது நீடிப்பதில்லை. ஒரு பந்தயத்தில் வெளிப்பட்ட வேகம் அடுத்ததற்கான கணக்கில் ஏறிவிடுவதால், மறைக்க எதுவும் மிஞ்சாத நிலையில் திருப்பங்களை இறுக்கமாக எடுப்பவரே மேலே வருகிறார். ஆகவே கிங்ஸ் கோப்பையின் புகழ் எவ்வளவு பெரிதாயினும், விமானியை அளக்கும் கோல் சாம்பியன்ஷிப்தான். இத்தகைய பந்தயத்தின் முடிவுப் பட்டியலைக் காணும் வாசகர், பெயருக்கு நேரே உள்ள இடத்தை மட்டும் பாராமல், அவ்விமானத்துக்கு வகுக்கப்பட்ட வேகத்தையும் அது உண்மையில் பறந்த வேகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.