கியர் இறங்கும் சத்தமும் மூன்று படங்களும்

கார் படங்களைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. ஐந்து கியர் உள்ள வண்டியில் கதாநாயகன் பதினைந்து தடவை கியர் போடுவான், ஒவ்வொரு தடவையும் வேகம் கூடும். இந்தக் கிண்டல் எப்போதும் மேலே ஏறும் கியரைப் பற்றித்தான். எனக்கு ஆர்வம் எதிர்த்திசையில். வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தபடியே கியரைக் குறைக்கும் அந்த அரை விநாடியைப் படங்கள் எப்படிக் காட்டுகின்றன, எப்படிக் கேட்க வைக்கின்றன என்று கொஞ்ச நாளாகவே குறிப்பு எடுத்து வருகிறேன்.

இங்கே மூன்று படங்கள். க்ளோட் லெலூஷ் 1976-இல் எடுத்த 'செத்தே அன் ராந்தேவூ' என்ற குறும்படம். ஜேம்ஸ் மேங்கோல்டின் 'ஃபோர்ட் வி ஃபெராரி' (2019). மூன்றாவதைப் படம் என்று சொன்னால் சிலர் சண்டைக்கு வரலாம்: ஜப்பானின் சுசுகா ஓடுதளத்தில் அயர்ட்டன் செனா ஹோண்டா என்எஸ்எக்ஸ் ஓட்டும் சில நிமிடக் காட்சிப்பதிவு. கதையும் இல்லை, வசனமும் இல்லை. ஆனால் மூன்றில் அதுதான் தேறுகிறது. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் கணக்கு. கணக்கு பிடிக்காதவர்கள் ரெண்டு பத்தி பொறுத்துக்கொள்ளுங்கள், இது இல்லாமல் விமர்சனம் நிற்காது.

மூன்றாம் கியரின் விகிதம் 1.28, இரண்டாம் கியரின் விகிதம் 1.90 என்று வைத்துக்கொள்வோம். நம்மூர்ச் சின்னக் கார்களில் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். மூன்றாம் கியரில் எஞ்சின் 3000 சுற்றில் ஓடுகிறது. அதே வேகத்தில் இரண்டாம் கியருக்கு வந்தால் 3000-ஐ 1.90-ஆல் பெருக்கி 1.28-ஆல் வகுக்க வேண்டும். சுமார் 4450. ஆனால் கிளட்சை மிதித்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த நொடியிலேயே எஞ்சின் சுற்று கீழே விழ ஆரம்பித்துவிடும். அந்த நிலையில் கிளட்சை விட்டால் இடைவெளியை யார் நிரப்புவது? சக்கரம்தான். ரோட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிற டயர், எஞ்சினைத் தரதரவென்று இழுத்து 4450-க்கு ஏற்ற வேண்டும். அந்த இழுப்பு, இயங்கு சக்கரங்களுக்கு மட்டும் விழுகிற ஒரு திடீர் பிரேக். பின்சக்கரத்தில் இயங்கும் வண்டியில், ஈர ரோட்டில், வளைவின் வாசலில் இது நடந்தால் வண்டியின் வால் முன்னால் வரப் பார்க்கும்.

இதைத் தவிர்க்கத்தான் கிளட்ச் உள்ளே இருக்கும்போதே ஆக்சிலேட்டருக்கு ஒரு சின்னத் தட்டு. சுற்று 4450-க்கு அருகே வந்ததும் கிளட்ச் வெளியே. பிரச்சினை என்னவென்றால் அதே நேரத்தில் வலது கால் பிரேக்கில் இருக்கிறது. அதனால் பாதத்தின் முன்பகுதி பிரேக்கை அழுத்தியபடியே இருக்க, பாதத்தின் வலது ஓரம் சாய்ந்து ஆக்சிலேட்டரைத் தொட வேண்டும். இதற்கு 'ஹீல் அண்ட் டோ' என்று பெயர். பெயரை நம்பி குதிகாலைத் திருப்பிப் பார்த்துக் கணுக்காலைச் சுளுக்கிக்கொள்ள வேண்டாம். பெடல்கள் நெருக்கமாக இருக்கும் கார்களில் குதிகாலுக்கு வேலையே இல்லை.

இதில் ஒரு நுட்பத்தைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். கியர்ப்பெட்டிக்குள் இருக்கும் சின்க்ரோமெஷ் கியர்களின் வேகத்தைச் சேர்த்துவைக்கும், எஞ்சினின் வேகத்தை அல்ல. கியர் வெண்ணெய் மாதிரி உள்ளே விழுந்தாலும் கிளட்சை விடும்போது வண்டி குலுங்குவது இதனால்தான். சின்க்ரோமெஷ் இல்லாத பழைய லாரிகளில் டிரைவர்கள் 'டபுள் கிளட்ச்' அடிப்பார்களே, நியூட்ரலில் ஒரு தடவை கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரைத் தட்டி, மறுபடி கிளட்ச் மிதித்துக் கியரைப் போடுவது, அது பல்சக்கரங்களைச் சேர்க்கும் வேலை. இது எஞ்சினையும் வண்டியையும் சேர்க்கும் வேலை. தாய் ஒன்று, பிள்ளைகள் வேறு.

ஆகவே, வெளியே நிற்பவருக்குக் கேட்கும் அந்த 'வ்ரூம்' கோபமோ வீரமோ இல்லை, ஒரு கூட்டல் கணக்கின் விடை. விடை சரியாக இருந்தால் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு எதுவுமே தெரியக்கூடாது. இந்த அளவுகோலோடு படங்களுக்குப் போவோம்.

லெலூஷின் படம் விடியற்காலைப் பாரிஸ். காரின் முன்னால் கட்டிய கேமரா, வெட்டு இல்லாமல் ஒரே ஓட்டம், எட்டு நிமிடச் சொச்சம். போர்ட் தோஃபினிலிருந்து மோன்மார்த்ர் குன்றின் மேலுள்ள சாக்ரே கேர் தேவாலயம் வரை, சிவப்பு விளக்கு எதையும் மதிக்காமல். கார் கண்ணில் படாது, காதில் மட்டும். அந்தச் சத்தம் ஃபெராரி 275 ஜிடிபி. ஓடியதோ மெர்சிடிஸ் 450 எஸ்இஎல் 6.9. இதை லெலூஷே பின்னாளில் சொல்லிவிட்டார். அந்த மெர்சிடிஸுக்கு ஹைட்ரோநியூமேட்டிக் சஸ்பென்ஷன், அதனால் கல் பாவிய தெருவிலும் கேமரா ஆடவில்லை. அதைவிட முக்கியம், அது ஆட்டோமேட்டிக். உலகத்தில் கார்ப் பைத்தியங்கள் அதிகம் சிலாகித்த கியர்க்குறைப்புகள், கிளட்ச் பெடலே இல்லாத ஒரு வண்டியின் மேல் ஒட்டப்பட்டவை!

இதை மோசடி என்று தள்ளிவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒலிப்பதிவை மட்டும் தனியாகக் கேட்டால் அது அசல். யாரோ ஒரு கால் உண்மையாகவே ஃபெராரியின் பெடல்களில் வேலை செய்திருக்கிறது, சுற்று ஏறி, நின்று, ஒட்டிக்கொள்வது கேட்கிறது. படத்தை மட்டும் பார்த்தால் அதுவும் அசல், ஒரு பெரிய சொகுசுக் கார் வேகமாகப் போகிறது. பொய் இரண்டும் சேரும் இடத்தில்தான். சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள்: காது சொன்ன வேகத்தில் நல்ல பங்கு காணாமல் போய்விடும். அதாவது கியர் இறங்கும் ஒலியை லெலூஷ் வேகத்தைக் கூட்டப் பயன்படுத்துகிறார். நிஜத்தில் அது வேகம் குறைவதன் ஒலி. ஐம்பது வருடமாக ரசிகர்களின் காது இந்தத் தலைகீழ்ப் பாடத்தில் பழகிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெருக்களை மூடவில்லை. லூவ்ர் வளைவுப் பக்கம் ஒருவரை வயர்லெஸ்ஸோடு நிறுத்தியதாகவும், அது வேலை செய்யவில்லை என்றும் லெலூஷ் சொல்லியிருக்கிறார். படத்தில் காலைநடை போகிறவர்கள் தெரிகிறார்கள், புறாக்கள் பறக்கின்றன. புறாவை ரசிக்கிற கட்டுரைகள் நிறைய வாசித்திருக்கிறேன். அந்த நடைபாதை மனிதர்களுக்கு இது படப்பிடிப்பு என்று தெரியாது. படத்தின் மேல் எனக்குள்ள உண்மையான மனக்குறை ஃபெராரி சத்தம் இல்லை, இதுதான்.

'ஃபோர்ட் வி ஃபெராரி'க்கு எடிட்டிங், ஒலித்தொகுப்பு இரண்டுக்கும் ஆஸ்கர் கிடைத்தது. தகுதியானதே. கென் மைல்ஸ் வண்டியின் குறையை உடம்பால் கண்டுபிடிக்கும் காட்சிகளும், கணினியைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கார் முழுக்க நூல்துண்டுகளை ஒட்டிக் காற்றோட்டத்தைப் பார்க்கும் காட்சியும் என் போன்ற பொறியியல்காரனுக்கு விருந்து. பிரேக்கையும் படம் மதிக்கிறது. ஃபோர்ட் ஜிடி40 மார்க் 2-இல் இருந்தது ஏழு லிட்டர் எஞ்சின், கனமான வண்டி. லெ மானின் முல்சான் நேர்பாதை அன்றைக்கு இடையில் தடுப்பு வளைவு ஏதும் இல்லாமல் கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர். அதன் முடிவில் 300-க்கும் மேற்பட்ட வேகத்திலிருந்து இறங்க வேண்டும், 24 மணி நேரமும், ஒவ்வொரு சுற்றிலும். டிஸ்க்குகள் பழுத்துச் சிவப்பதையும் பிரேக்கை மொத்தமாக மாற்றுவதையும் காட்டுகிறார்கள்.

ஆனால் கால் என்று வந்தால் படம் சறுக்குகிறது. நேர்பாதையில் இரண்டு கார்கள் பக்கம் பக்கமாக. ஓட்டுநர்கள் ஒருவரை ஒருவர் முறைக்கிறார்கள். மைல்ஸ் கியரைத் தள்ளி ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்துகிறார், கார் பாய்கிறது. ஏங்க, அதுவரைக்கும் அந்தக் கால் என்ன பண்ணிக்கிட்டு இருந்துச்சு? நேர்பாதையில் பெடல் ஏற்கெனவே தரையோடு தரையாகத்தான் இருக்கும். மிச்சம் வைக்க அங்கே எதுவும் கிடையாது. டேடோனாவில் பிட்டிலிருந்து 7000-க்கு மேலே போ என்று பலகை காட்டுவதும் அதே ரகம். வீரம் என்பது ஆர்பிஎம் முள்ளின் உயரமாகச் சுருங்கிவிடுகிறது. அந்த 24 மணி நேரத்தில் மைல்ஸின் நிஜத் திறமை எங்கே இருந்திருக்கும்? கியர்ப்பெட்டியையும் பிரேக்கையும் நோகாமல் ஒவ்வொரு வளைவிலும் இறங்கியதில். வண்டியின் வலியை உடம்பால் உணர்கிறவர் என்று முதல் பாதியில் நிறுவிய படம், இரண்டாம் பாதியில் அதே மனிதரை மிதிக்கிறவராக்கிவிட்டது. நம் தமிழ்ப் படங்களில் கியர்க் கம்பியில் அறையும் கை, பெடலில் உதைக்கும் ஷூ என்று வரும் நெருக்கக் காட்சிகளுக்கும் இதற்கும் பட்ஜெட்தான் வித்தியாசம்.

சுசுகாவுக்கு வருவோம். இந்தப் பதிவில் கேமரா பெடல்களுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. தோல் லோஃபர், வெள்ளை சாக்ஸ். இணையத்தில் இதை ஸ்டைல் என்று கொண்டாடுகிறார்கள். மெல்லிய அடிப்பாகம் உள்ள செருப்போ ஷூவோ போட்டுப் பெடலை மிதித்துப் பார்த்தவர்களுக்கு வேறு காரணம் புரியும். கனத்த ஸ்போர்ட்ஸ் ஷூவில் பிரேக்கின் எதிரழுத்தம் பாதத்துக்கு எட்டாது, ஓரமும் வந்து வந்து இடிக்கும்.

பார்க்க வேண்டியது ஆக்சிலேட்டரை அல்ல, பிரேக் பெடலை. பாதத்தின் ஓரம் தட்டும்போது பிரேக் பெடல் கூடவே அசைகிறதா? கற்றுக்கொள்ளும் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஆக்சிலேட்டரைத் தட்டும் ஆர்வத்தில் பிரேக்கின் அழுத்தம் கூடும் அல்லது குறையும், வண்டி தலையாட்டும். செனாவின் கால் இரண்டு வேலையை ஒன்றாகச் செய்கிற மாதிரியே தெரியவில்லை. ஒரு பாதத்துக்குள் இரண்டு பேர் குடியிருக்கிற மாதிரி இருக்கிறது. என்எஸ்எக்ஸில் எஞ்சின் இருப்பது ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால். பின்பக்கம் கனம், இயங்குவதும் பின்சக்கரம். கணக்கு தப்பினால் முதலில் சுழல்கிற வகை வண்டி.

ஒரு எச்சரிக்கை. வளைவுக்கு நடுவே அவர் ஆக்சிலேட்டரைப் படபடவென்று குத்துவதும் இதில் வரும். அது கியர்க்குறைப்பு இல்லை. பிடிமானத்தின் எல்லையைத் தேடுவது என்றும், பழைய பழக்கம் என்றும் வாதங்கள் உண்டு. அதைப் பார்த்துக் காப்பியடிக்க வேண்டாம்.

கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு இந்தப் பதிவு மறைமுகமாக இன்னொரு விஷயத்தையும் சொல்கிறது. பெரும்பாலான ரோட்டுக் கார்களில் பிரேக் பெடல் ஆக்சிலேட்டரைவிட உயரமாக நிற்கும். பலமாக மிதிக்கும்போதுதான் அது இறங்கி, இரண்டும் ஒரே மட்டத்துக்கு வரும். டவுனுக்குள் மெல்ல பிரேக் பிடித்துக்கொண்டு ஹீல் அண்ட் டோ பழகினால் கால் எட்டாமல் எக்குத்தப்பாக வளையும், 'எனக்கு வராது' என்று விட்டுவிடுவோம். ஆகவே முதலில் ஆளில்லாத இடத்தில் பிரேக் இல்லாமல் தட்டை மட்டும் பழகலாம். மூன்றிலிருந்து இரண்டுக்கு வரும்போது பக்கத்தில் இருப்பவர் தலை ஆடக்கூடாது, அதுதான் பரீட்சை. பலமான பிரேக்கோடு சேர்த்துப் பழக ஓடுதளம்தான் இடம், ஈசிஆர் அல்ல.

இந்தப் பதிவின் காலமும் கவனிக்கத்தக்கது. ஃபெராரி 640 ஸ்டியரிங்கின் பின்னாலுள்ள துடுப்புகளோடு முதல் பந்தயத்தையே வென்றது 1989-இல். செனா மூன்றாவது பட்டம் வாங்கிய 1991-இல் அவருடைய மெக்லாரனில் இன்னும் கையால் மாற்றும் கியர்தான். மறுவருடம் அதுவும் போய்விட்டது. சாலைக் கார்களில் 2009 மாடல் நிசான் 370இசட் வந்தபோது அந்தத் தட்டையும் கணினியே தட்டிக் கொடுத்தது. மென்பொருள்காரனாகச் சொல்கிறேன், அது நல்ல நிரல். இடைவெளியைக் கணக்கிட்டு, நிரப்பி, சத்தமில்லாமல் ஒதுங்கிவிடுகிறது.

இப்போது ஹூண்டாய் ஐயோனிக் 5 என் இருக்கிறது. மின்சாரக் கார், மாற்றுவதற்குக் கியரே கிடையாது. ஆனாலும் எட்டு கியர் இருப்பதாகப் பாவனை செய்யும் ஒரு வசதி உண்டு. ஸ்பீக்கரில் எஞ்சின் ஒலி வரும், துடுப்பைத் தட்டினால் மோட்டாரின் விசையைக் கூட்டிக் குறைத்து வண்டியை வேண்டுமென்றே ஒரு குலுக்குக் குலுக்கும். லெலூஷ் ஒலியை மட்டும் ஒட்டினார், இவர்கள் குலுக்கலையும் சேர்த்திருக்கிறார்கள். செனாவின் கால் இல்லாமல் ஆக்கப் பார்த்தது அந்தக் குலுக்கலைத்தான்.