முதலை வாய்ப் பிள்ளையும் ஆலை வாய்ப் பிள்ளையும்

திருப்பூரைக் காண ஒருவன் வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். கையிலே சுற்றுலாக் கையேடு, கண்ணிலே ஆவல். உலகத்தின் உடல்களுக்கெல்லாம் உடை தைத்து அனுப்பும் ஊராயிற்றே, உழைப்பின் தலைநகராயிற்றே, இங்கே காணத்தக்கது யாது என்று கேட்கிறான். காட்டுகிறார்கள்! அவிநாசியின் கோபுரத்தைக் காட்டுகிறார்கள். திருமுருகன்பூண்டியைக் காட்டுகிறார்கள். சர்க்கார் பெரியபாளையத்துச் சுக்ரீசுவரர் கோயிலைக் காட்டுகிறார்கள். தெற்கே போனால் திருமூர்த்தி மலை. இன்னும் போனால் அமராவதி அணையும் அதன் அருகே முதலைப் பண்ணையும். ஆம் தோழர்களே, முதலையைக் காட்டவும் இடம் இருக்கிறது! ஆனால் அந்த வரிசையிலே ஒரு பின்னல் எந்திரத்தை நாம் காணவில்லை. ஒரு தையற்காரியின் படத்தைக் காணவில்லை.

கோயிலைக் காணவே கூடாது என்பதல்ல நம் வாதம். கல்லைக் கவிதையாக்கிய சிற்பியின் உளிக்கு நாம் என்றும் தலை வணங்குவோம். சுக்ரீசுவரர் கோயிலைத் தொல்லியல் துறை காத்து வருவதும் முறையே. ஆனால், அங்கே வருவோனுக்குச் சொல்லப்படுவது சிற்பியின் கதையா? இராமாயணத்துச் சுக்ரீவன் வந்து வழிபட்ட கதை! கல் சுமந்தவனுக்குப் பெயரில்லை. கற்பனைக் குரங்கரசனின் பெயரோ கோயிலுக்கே வாய்த்துவிட்டது. பூண்டிக்குப் போங்கள். சேரமான் பெருமாள் தந்த பொருளோடு வந்த சுந்தரரை, பூதகணங்களை வேடர் உருவிலே ஏவி, வழிமறித்துப் பறித்தாராம் சிவபெருமான். பறித்த இடத்துக்குத் திருத்தலம் என்று பெயர்! மற்ற ஊர்களிலே வழிப்பறிக்குக் காவல் நிலையம். இங்கே வழிப்பறிக்கு வழிபாடு. அவிநாசியிலோ இதனினும் இனிய கதை. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்டாராம். பிள்ளை மீண்டது மட்டுமன்று. இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடும் மீண்டானாம்! முதலையின் வயிற்றிலே உணவும் உறைவிடமும் அத்தனை ஒழுங்கு போலும்.

முதலை வாய்ப் பிள்ளைக்குக் கதை உண்டு, கோயில் உண்டு, விழா உண்டு. ஆலை வாய்ப் பிள்ளைக்கு?

இந்த வட்டாரத்து நூற்பாலைகளிலே ஒரு திட்டம் இருந்தது. வறண்ட மாவட்டங்களிலிருந்து வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளை அழைத்து வருவது. ஆலை வளாகத்து விடுதியிலேயே மூன்றாண்டு தங்கவைப்பது. முடிவிலே திருமணச் செலவுக்கென ஒரு தொகை தருவதாகச் சொல்வது. அதற்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? சுமங்கலித் திட்டம்! 1961-இல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்த நாட்டிலே, வரதட்சணைக்காகவே வாலிபத்தை அடகு வைக்கும் ஏற்பாட்டுக்கு மங்கலப் பெயர். பெற்றோர் மகிழ்ந்தார்கள், பெயரிலேயே தாலி தொங்கியதால். மூன்றாண்டு முடியும் முன்னே நோயுற்று வீடு திரும்பியவளுக்கு முழுத் தொகை கிட்டவில்லை என்ற முறையீடுகள் எழுந்தன. நீதிமன்றங்கள் வரை சென்றன. அயல்நாட்டு ஏடுகளும் எழுதின. அவள் வளர்ச்சியோடு மீளவில்லை. பஞ்சுத் தூசியோடு மீண்டாள். அவளைப் பாடி மீட்கச் சுந்தரர் யாரும் வரவில்லை.

நினைவுச் சின்னமே இல்லாத ஊரன்று திருப்பூர். தொடர்வண்டி நிலையத்துக்கு அருகிலே குமரன் நினைவகம் இருக்கிறது. 1904-இல் சென்னிமலையில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, 1932 சனவரி 10-ஆம் நாள் கொடியேந்திச் சென்று, காவலர் தடியடியில் வீழ்ந்து, மறுநாள் மாண்ட மாவீரன். அவன் தியாகத்தின்முன் கட்சி வேறுபாடு நில்லாது. நம் பள்ளி மாணவர் சிலரோடு அங்கே சென்றிருந்தோம். பனியன் கம்பெனியிலே செக்கிங் வேலை பார்க்கும் ஒரு தாயின் மகன், சிலையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஐயா, இவருக்கு எந்தக் கம்பெனியிலே வேலை?” என்றான். மற்றப் பிள்ளைகள் நகைத்தார்கள். நமக்கு நகைப்பு வரவில்லை. கொடியைக் காத்த கை கூலிக்காகவும் உழைத்த கை என்பதைச் சின்னஞ்சிறுவன் உணர்ந்திருக்கிறான். கொடியைச் செதுக்கிய சிலை அதை உணர்த்தவில்லை.

இதே ஊரிலேதான் 1934-இல், செங்குந்த இளைஞர் மாநாட்டிலே, பெரியாரும் அண்ணாவும் முதன்முதலாகச் சந்தித்தார்கள். அதுவும் நெசவாளர் கூடிய மேடை என்பதை நினைவிற் கொள்க. பொதுவாழ்வுக்கே வர விரும்புகிறேன் என்று ஓர் இளைஞர் உரைத்த அந்த நாள் நாட்டின் நடையையே மாற்றிற்று. இன்று நம் தோழர்கள் சிலைக்கு மாலையிடுகிறார்கள், ஒலிபெருக்கி கட்டுகிறார்கள், கலைகிறார்கள். சிலை வணக்கத்தைச் சாடியவருக்குச் சிலை வணக்கமே போதும் என்று அமைவது நமக்கு அழகா? அந்த மேடையின்முன் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து அமர்ந்திருந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள், என்ன கூலி பெற்றார்கள் என்று தேடித் தொகுக்க வேண்டாமா?

1984-இலே பஞ்சப்படி கேட்டு இந்த ஊர்ப் பனியன் தொழிலாளர் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். செங்கொடிச் சங்கத்தார் முன்னின்ற போராட்டம்தான், அதனால் என்ன? அடுப்பு எரியாத 127 நாளும் எந்தக் கட்சியின் தனிச்சொத்தும் அன்று. அன்றைய துண்டறிக்கை எங்கே? கஞ்சித் தொட்டியின் படம் எங்கே? அதிலே பங்கு பெற்ற இளைஞன் இன்று அறுபது கடந்த கிழவன். அவன் சாவோடு ஒரு காட்சிக்கூடமே சாகிறது.

பெயரைப் பற்றி ஒரு சொல். நொய்யல் கரையோடு கிழக்கே போனால் கொடுமணல் வரும். இன்று ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்தது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிக்கும் ஊர். 1980-களிலே தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டியது. பின்னர்ப் பிறரும் தோண்டினர். மணி கோத்த பட்டறைகள், இரும்பு உருக்கிய உலைகள், நூல் நூற்ற தக்களி வட்டுகள் வெளிப்பட்டன. எல்லாவற்றினும் மேலாகப் பானை ஓடுகளிலே பெயர்கள்! கண்ணன் ஆதன், சம்பன் சுமணன் என்று தமிழி எழுத்திலே கீறிய பெயர்கள். வேந்தன் மெய்க்கீர்த்தி அன்று. சோறு உண்ட கலத்திலே உரியவன் பெயர். ஈராயிரம் ஆண்டுக்கு முன் இந்த ஆற்றங்கரையிலே எளியோனுக்கும் எழுத்து இருந்தது, பெயர் இருந்தது. இன்று அதே ஆற்றங்கரையிலே ஒருத்தி ஓவர்லாக் எந்திரத்திலே நாளெல்லாம் குனிந்து தைக்கும் பனியனின் கழுத்திலே யார் பெயர்? அயல்நாட்டு வணிகனின் பெயர். 2024-25-இலே ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி. அத்தனை கோடிச் சட்டைகளிலே தைத்தவள் பெயர் ஒன்றிலும் இல்லை.

பூங்காவும் நீர்நிலையும் காண விரும்புவோனை ஊத்துக்குளி சாலையிலே நஞ்சராயன் குளத்துக்கு அனுப்புவார்கள். அனுப்பட்டும், நன்று. 2022-இலே பறவைகள் சரணாலயமாயிற்று. 2024 ஆகத்திலே பன்னாட்டு மதிப்புப் பெற்ற ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் ஏறிற்று. பறவை ஆர்வலர் பல்லாண்டு பாடுபட்டதன் பயன் அது. ஆனால் பறவையைக் காட்டியவர்கள், அதே வெயிலிலே இன்னும் கிழக்கே கூட்டிச் சென்று ஒரத்துப்பாளையம் அணையைக் காட்டுவதில்லை. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்கென்று கட்டி 1992-இலே திறந்த அணை. வந்து நிறைந்ததோ சாயப்பட்டறைக் கழிவு. வயலுக்கு வாய்க்கால் வெட்டிய உழவன், வாய்க்காலை அடையுங்கள் என்று வழக்காட நேர்ந்தது. வழக்கு நீண்டது, 2011 சனவரி 28-ஆம் நாள் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடுமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஒருபுறம் நிலம் இழந்தவன். மறுபுறம் பட்டறை மூடியதால் வேலை இழந்தவன். இருவரையும் மோதவிட்டு இடையிலே நழுவியது இலாபம். பிறகு கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் நிலையங்கள் வந்தன, பட்டறைகள் திறந்தன. இந்தப் பாடம் முழுவதையும் ஓர் அணையின் கரையிலே நின்று கற்கலாம். கையேட்டிலோ ஒரு வரி இல்லை.

இதெல்லாம் காட்சியகத்துக்கு ஏற்ற பொருளா, அழுக்கை அயலானுக்குக் காட்டலாமா என்று சிலர் கேட்பர். பஞ்சாலைத் தொழிலின் பிறந்தகமாகிய இங்கிலாந்தைப் பாருங்கள். மான்செசுட்டருக்கு அருகே 1784-இலே சாமுவேல் கிரெக் என்பார் நிறுவிய குவாரி பேங்க் ஆலை இன்று காட்சியகம். எந்திரம் மட்டுமன்று, ஏழை விடுதிகளிலிருந்து கொணர்ந்த பிள்ளைகளை அடைத்து வைத்த பயிற்சியாளர் இல்லமும் அங்கே காட்சிப்பொருள். 1806-இலே இரு சிறுவர் அங்கிருந்து ஓடினர். ஒருவன் எந்திரத்திலே விரல் இழந்தவன். தாயைக் காண இலண்டன் சென்றவன். அவர்கள் நடுவர்முன் அளித்த வாக்குமூலத்தை அந்த ஆலையின் வரலாற்றோடு சேர்த்தே படிக்கிறார்கள். 1819-இலே மான்செசுட்டரின் பீட்டர்லூ திடலில் குதிரைப்படை வெட்டிச் சாய்த்த நெசவாளர் உள்ளிட்ட மக்களுக்கு, இருநூறாண்டு கழித்து 2019-இலே அந்நகரம் நினைவுச் சின்னம் எழுப்பிற்று. நம் நெசவாளன் வயிற்றிலே அடித்த அதே நாடுதான்; ஆயினும் தன் பிள்ளைகளின் வரலாற்றையேனும் மறைக்க முடியாமற் போயிற்று.

அகமதாபாத்திலே 1949-இல் தொடங்கிய காலிகோ துணிக் காட்சியகம் உலகப் புகழ் பெற்றது. பட்டும் சரிகையும் கண்ணைப் பறிக்கும். அதை ஈன்ற ஆலையின் தொழிலாளி எங்கே என்று தேடினால்தான் கண் கலங்கும். முதலாளிகள் பொருள் தந்து திருப்பூரிலே ஒன்று எழுந்தால் அப்படித்தான் எழும் என்று அஞ்சுகிறோம். 1925-இலே குலாம் காதர் பனியன் தொழிலைத் தொடங்கியதைச் சொல்வார்கள், சொல்லட்டும்; எண்ணெய் துடைத்த எந்திரம் வைப்பார்கள்; ஏற்றுமதிப் பதக்கங்களை அடுக்குவார்கள். கைமடித்த சிறுமியை வைக்கமாட்டார்கள்.

2023 மார்ச்சிலே கீழடியில் அரசு திறந்த அருங்காட்சியகம் அரசன் அணியாத அணிகளையும் நூற்ற பெண்ணின் தக்களியையும் கண்ணாடிப் பேழையிலே வைத்து உலகுக்குக் காட்டுகிறது. பழையவளுக்குச் செய்ததை இன்றையவளுக்கும் செய்யலாம். மாநகராட்சி ஒரு பழைய பனியன் கம்பெனிக் கட்டடத்தை எடுத்துக்கொள்ளட்டும். பவர்டேபிளும் பேட்லாக்கும் ஓடும் ஓசையோடு இருக்கட்டும். துண்டறிக்கையும் வார ஊதியச் சீட்டும், விடுதியிலிருந்து மகள் எழுதிய கடிதமும், நொய்யல் நீர் ஆண்டுக்கோர் குப்பியாகவும் இருக்கட்டும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தோழன் படிக்க அவன் மொழியிலும் ஒரு பலகை வேண்டும். வழிகாட்டியாக ஓய்வுபெற்ற தையற்காரி ஒருத்தியை ஊதியத்தோடு அமர்த்த வேண்டும். நுழைவுக் கட்டணம் கூடாது. சனிக்கிழமை சம்பளம் வாங்கி ஞாயிறு ஒரு நாள் வெளியே வருகிறவர்களின் ஊர் இது. ஆகவே ஞாயிறு இரவு ஒன்பது மணி வரை அதன் கதவு திறந்திருக்க வேண்டும்.